மூட்டுக்குள் போகாத சூடு: ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சியை வெப்பத்தால் ஒழித்த நிகழ்வு ஆய்வு

தாம்பரத்தை அடுத்த ஒரு மூன்றடுக்குக் குடியிருப்பின் மேல்தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே அமைந்த எங்கள் வாடகை வீட்டில், தை மாதக் கடைசியில் தலைகாட்டி வைகாசியில் அடங்கிய மூட்டைப்பூச்சித் தொல்லையைப் பற்றிய பதிவு இது. வீட்டில் நான், மனைவி, வேலைக்குச் செல்லும் மகள், எழுபதைத் தாண்டிய என் மாமியார் ஆகிய நால்வர் இருக்கிறோம். மாமியாரை நான் அத்தை என்றே அழைப்பதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். எங்களுடைய அறையில் மனைவி வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குக் கட்டிலும் தேங்காய் நார் மெத்தையும், மகளின் அறையில் அடியில் சாமான் வைக்கும் ஒட்டுப்பலகைப் பெட்டிக் கட்டிலும், அத்தைக்கென்று ஓர் இரும்புக் கட்டிலும் அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தையும் இருந்தன. இந்தச் சாமான்களின் விவரத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தேக்கும், நாரும், பஞ்சும், இரும்பும் சூட்டை வாங்கும் விதம் வெவ்வேறாக இருந்ததுதான் எங்களுடைய முதல் முயற்சி தோற்றதற்கும் இரண்டாவது முயற்சி பலித்ததற்கும் அடிப்படை.

மகள் விடுதியைக் காலி செய்துவிட்டு ஒரு படுக்கைச் சுருணையோடு வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில், அவளுடைய முன்கையில் மூன்று நான்கு தடிப்புகள் ஒரே வரிசையில் தோன்றின. கொசு என்று நினைத்துக் கொசுவர்த்தி வைத்தோம். மாசி நடுவில் தலையணை உறையில் கடுகளவு இரத்தக்கறைகள் தெரிந்தபோதுதான் மெத்தையைப் புரட்டிப் பார்த்தோம். மெத்தையின் விளிம்புத் தையலை ஒட்டி, மைப்பேனா முனையால் குத்தியதைப் போன்ற கருப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. அவை பூச்சியின் கழிவு, அதாவது செரித்த நம்முடைய இரத்தம். ஈரத் துணியால் துடைத்தால் அந்தப் புள்ளி பழுப்பாகக் கரைந்து பரவும், வெறும் அழுக்கு அப்படிப் பரவாது என்பது வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை.

இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் அதிகமாகக் காணப்படுவது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்னும் வெப்பமண்டல இனம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியிருப்பது பெரும்பாலும் சைமெக்ஸ் லெக்டுலாரியஸ். இரண்டின் வாழ்க்கையும் ஏறத்தாழ ஒன்றுதான். தாய்ப்பூச்சி நாளொன்றுக்குச் சில முட்டைகள் வீதம் தன் ஆயுளில் இருநூறுக்கு மேல் இடக்கூடும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த வெண்ணிற முட்டைகள் பசையால் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஆறு முதல் பத்து நாளில் அவை பொரியும். வெளிவரும் இளம்பூச்சி ஐந்து முறை தோலுரித்தே முழுப்பூச்சியாகிறது, ஒவ்வொரு தோலுரிப்புக்கும் முன்பு ஒரு முறையாவது அதற்கு இரத்தம் வேண்டும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் அது பல வாரங்கள், சில வேளை மாதக்கணக்கிலும் தாக்குப்பிடிக்கும் என்பதால், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் செத்துவிடும் என்ற கணக்கு பலிக்காது.

கிண்டியை அறிந்தவர்களுக்காக இடையில் ஒரு செய்தி. 1907 இல், கிண்டியில் உள்ள கிங் நிலையம் என்ற மருத்துவ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற மருத்துவர், மண்ணீரலை வீங்கவைக்கும் ஒட்டுண்ணி நோயான காலா அசார் காய்ச்சலை மூட்டைப்பூச்சியே பரப்புகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது மணல் ஈ என்பது பின்னாளில் உறுதியாகி, அந்தப் பழியிலிருந்து மூட்டைப்பூச்சி விடுபட்டது. இது கடித்து நோய் பரவியதாக இன்றுவரை நிறுவப்படவில்லை. அரிப்பும், தூக்கமின்மையும், வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்ல முடியாத கூச்சமும் மட்டும் மிச்சம்.

பங்குனியில் ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனத்தாரை அழைத்தோம். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மருந்து அடித்தார்கள். முதல் முறைக்குப் பிறகு நான்கு நாள் நிம்மதியாக இருந்தது. அதன்பிறகு, அதுவரை தொல்லையே இல்லாத அத்தையின் கட்டிலிலும் பூச்சி தென்பட்டது. அவர்கள் அடித்தது பைரித்திராய்டு வகை மருந்து. உலகின் பல பகுதிகளில், இரண்டு இனங்களிலுமே, இந்த வகை மருந்துக்கு எதிர்ப்புத்திறன் வளர்ந்திருப்பது நன்கு பதிவாகியுள்ளது. சாகாத பூச்சிக்கு மருந்து ஓர் எரிச்சலாக மட்டும் இருந்து, அது இடம்பெயர்ந்துவிட்டது என்றே கருதுகிறேன். வந்தவர்கள் கட்டிலைப் பிரிக்கவில்லை, பிரிக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

மருந்து தோற்றதும் அத்தை செய்த முதல் வேலை, எல்லாக் கட்டில் கால்களுக்கும் அடியில் எவர்சில்வர் கிண்ணங்களை வைத்துத் தண்ணீர் ஊற்றியதுதான். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் படாதபடி செருகிவிட்டால், தரை வழியாக வருகிற பூச்சி கிண்ணத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். மேலை நாடுகளில் இதே வேலைக்கு வழவழப்பான பிளாஸ்டிக் தட்டுகளைத் தண்ணீரில்லாமல் விற்கிறார்கள். ஆனால் வெப்பமண்டல இனத்தின் கால் முனையில் ஒட்டுமயிர்கள் அதிகம் என்பதால், அது வழவழப்பான சுவரில் ஏறிவிடும் என்று மலேசியாவில் நடந்த ஆய்வொன்று 2017 இல் காட்டியது. ஆகவே நம் ஊர்ப் பூச்சிக்கு அத்தையின் தண்ணீர்க் கிண்ணமே பொருத்தம். பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டால், பூச்சி நீரில் மிதக்காமல் மூழ்கிவிடும் என்பது மட்டும் நான் சேர்த்தது. இந்தக் கிண்ணங்கள் பூச்சியைத் தடுத்ததைவிட, எண்ணுவதற்குப் பயன்பட்டதே பெரிது. நாள்தோறும் காலையில் எந்தக் கிண்ணத்தில் எத்தனை, எந்தப் பருவத்தில் என்று நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துவந்தோம். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

முதல் வெப்ப முயற்சி

சித்திரை இரண்டாம் வாரத்தில் வெயில் ஏறியதும், மெத்தைகள் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று, கருப்புத் தார்ப்பாயால் இறுக்கி மூடி, காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை போட்டு வைத்தோம். தார்ப்பாயில் கை வைத்தால் சுட்டது. அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். கட்டில்களின் மீது வெந்நீரைக் குவளை குவளையாக ஊற்றினோம். பிற்பகலில் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி மெத்தையின் அடியில் கைவிட்டுப் பார்த்த அத்தை, “என்ன மாப்பிள்ளை, வெயில் படாம பூச்சிக்குப் போர்வை போத்தி விட்டிருக்கீங்க!” என்றார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

எட்டு நாள் கிண்ணங்கள் காலியாக இருந்தன. ஒன்பதாவது நாள் காலையில் மகளின் கட்டில் கிண்ணத்தில் இரண்டும், தேக்குக் கட்டில் கிண்ணத்தில் ஒன்றும் கிடந்தன. மூன்றும் எள்ளை விடச் சிறியவை, வைக்கோல் நிறத்தவை, இன்னும் இரத்தம் குடிக்காதவை. அடுத்த நான்கு நாளில் மேலும் ஏழு வந்தன, அவற்றில் ஒரே ஒரு முழுப்பூச்சி. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தபோதுதான் நடந்தது விளங்கியது. வெளியே இருந்த பூச்சிகளில் பெரும்பாலானவை செத்திருக்கின்றன, முட்டைகள் பிழைத்திருக்கின்றன. சூடு போயிருக்கிறது, ஆனால் முட்டை இருக்கும் ஆழத்துக்குப் போகவில்லை, அல்லது போய் நிற்கவில்லை.

இதற்கு அறிவியல் விளக்கம் தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கெல்ஸ், மைக்கேல் கோப்லிர்ஷ் ஆகிய இருவரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 45 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சிகள் சாக ஏறக்குறைய 95 நிமிடம் தேவைப்படுகிறது. அதே சூட்டில் முட்டைகள் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கின்றன. 48 டிகிரியிலும் முட்டைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், 71 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கிறது. படிப்படியாகச் சூடேற்றிச் செல்லும்போது உடனடியாக அழிவதற்குப் பூச்சிக்கு 48.3 டிகிரியும் முட்டைக்கு 54.8 டிகிரியும் தேவை. ஆக, பூச்சியைக் கொல்லும் சூட்டுக்கும் முட்டையைக் கொல்லும் சூட்டுக்கும் இடையே ஆறு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒன்பதாவது நாள் பொரிந்து வந்தவை அந்த இடைவெளியில் தப்பியவை. அந்த அளவுகள் லெக்டுலாரியஸ் இனத்துக்குரியவை என்பதால், எங்கள் பூச்சிக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைப்போம் என்று 55 டிகிரியை, எந்தப் பொருளின் மிகக் குளிர்ந்த இடத்திலும் தொட வேண்டிய அளவாக வைத்துக்கொண்டேன்.

கருப்புத் தார்ப்பாய்ச் சோதனையை வேறொருவர் ஏற்கெனவே முறையாகச் செய்து பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஸ்டீபன் டாக்கெட் என்ற பூச்சியியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் மெத்தைகளைக் கருப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி வெயிலில் கிடத்தி அளந்து, வெயில் படும் பக்கம் கொதித்தாலும் தரையைப் பார்த்த பக்கம் பூச்சியைக் கொல்லும் சூட்டை எட்டவில்லை என்று 2006 இல் எழுதினார்கள். மெல்லச் சூடேறும்போது பூச்சிகள் குளிர்ந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடவும் நேரம் கிடைக்கிறது.

அறையையே சூடாக்கினால் என்ன?

அமெரிக்காவில் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் பெரிய வெப்பமூட்டிகளையும் மின்விசிறிகளையும் கொண்டுவந்து, அறைக் காற்றை 57 முதல் 60 டிகிரிவரை உயர்த்தி, பல மணி நேரம் அப்படியே வைத்து, பல மூலைகளில் அளவிகளைப் பொருத்திப் பார்க்கிறார்கள். மருந்து தேவையில்லை, ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதால் மகளுக்கு இதில்தான் நாட்டம். கடையில் கிடைக்கும் 2,000 வாட் ரூம் ஹீட்டர் இரண்டை வைத்து நாமே செய்யலாமே என்று கேட்டாள்.

கணக்கிட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரைக் கான்கிரீட் ஏறக்குறைய மூன்று டன் எடை. அதை 35 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோக மட்டும் சுமார் 12 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் நான்கையும் உள்ளும் புறமும் அப்படிச் சூடாக்க 60 யூனிட்டுக்குக் குறையாது. இரண்டு ஹீட்டர்களும் சேர்ந்து மணிக்கு நான்கு யூனிட்தான் தரும், அதிலும் வெளியே கசிவது எவ்வளவோ. சுவர் முழுவதும் சூடேற வேண்டியதில்லை என்று சொல்லலாம். ஆனால் குளிர்ந்த சுவர் இருக்கும்வரை அது காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பூச்சி ஒதுங்கும் இடமும் அந்தச் சுவர் விரிசல்தான். மரச்சட்டத்தில் பலகை அறைந்து கட்டிய வீட்டுக்குப் பொருந்துகிற முறை, கான்கிரீட்டும் செங்கல்லுமான நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. தவிர, ஒவ்வொரு ஹீட்டரும் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயரிங்கில், நீட்டிப்புப் பெட்டியில் செருகி, ஆளில்லாத அறையில் மெத்தைக்குப் பக்கத்தில் அதை மணிக்கணக்கில் ஓடவிடுவது தீயை வலிய அழைப்பது. எங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டபோது அவர் பதிலே சொல்லாமல் சுவிட்ச் போர்டை ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த யோசனையை அத்துடன் கைவிட்டோம். அறையைச் சூடாக்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே, அதனதன் தன்மைக்கேற்பச் சூடாக்குவது என்று முடிவாயிற்று.

இரண்டாவது முயற்சி

மீன் தொட்டிக்கென்று விற்கும், கம்பி முனையில் உணரி வைத்த சிறு வெப்பமானிகள் மூன்றும், சமையலுக்கான ஊசி வெப்பமானி ஒன்றும், துணி தேய்ப்பதற்கும் தரை துடைப்பதற்கும் விற்கும் நீராவி இயந்திரம் ஒன்றும் வாங்கினோம். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நான்கு நாள்களை இதற்கென்று ஒதுக்கினோம். வீட்டுக்குள் பொருள்களை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தூக்கிப்போவதை முற்றாக நிறுத்தினோம். எதை எடுத்தாலும் அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிய பிறகே வெளியே கொண்டுவந்தோம்.

முதலில் தேக்குக் கட்டில். நீராவிக் குழாயின் முனையில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டேன், இல்லாவிட்டால் ஆவியின் வேகமே பூச்சியைக் கொல்லாமல் ஊதித் தள்ளிவிடும். ஓர் அடி நீளத்துக்குப் பன்னிரண்டு நொடியாவது ஆகும்படி மெதுவாக நகர்த்தினேன். தலைமாட்டுச் சட்டமும் காலும் சேரும் மூட்டில் ஆவி பட்டபோது, பிளவிலிருந்து ஒரு பூச்சி வெளியே வந்து, ஆவியின் எதிர்த்திசையில் இரண்டு அங்குலம் ஓடி, காலை உயர்த்தி நின்று, சுருண்டு விழுந்தது. அது மனத்துக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் திருகுத் துளை வழியாக மூட்டின் உள்ளே விட்டிருந்த கம்பி வெப்பமானி 44 டிகிரியைக் காட்டி அங்கேயே நின்றது. வெளியே 85 டிகிரி, அரை அங்குலம் உள்ளே 44. தேக்கு சூட்டைக் கடத்துவதில் அவ்வளவு மந்தம். முந்தைய மாதம் குவளை குவளையாக ஊற்றிய வெந்நீர் எங்கே நின்றுபோனது என்பதற்கும் இதுவே பதில்.

ஆகவே கட்டிலைப் பிரித்தோம். மரச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சட்டத்தைக் காலிலிருந்து உருவியபோது, நாக்குப் போல நீண்டிருந்த பகுதியில் ரவையைத் தூவி ஒட்டவைத்ததைப் போல முட்டைகள் இருந்தன. பக்கத்தில் தோலுரித்த கூடுகள், கரும்புள்ளிகள், துளையின் அடியில் நசுங்காமல் அடுக்கி வைத்தாற்போலப் பதினொரு பூச்சிகள். மூட்டுகளில் குடியிருப்பதால் இதைச் சில ஊர்களில் மூட்டுப்பூச்சி என்பார்கள். அந்தப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் பார்த்ததில்லை. கொதிக்கும் தண்ணீரைக் கெண்டியிலிருந்து நேரே அந்தத் துளைக்குள் ஊற்றினேன். உள்ளே வைத்த உணரி உடனே 80 டிகிரியைத் தாண்டி, ஒரு நிமிடத்துக்கு மேல் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தது. எட்டு மூட்டுகளுக்கும் இரண்டு முறை அவ்வாறு செய்து, வெயிலில் இரண்டு நாள் காயவைத்தே மறுபடி பூட்டினோம். இரும்புக் கட்டிலில் இந்தச் சிக்கல் இல்லை. குழாய் முனைகளின் மூடிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றியதும் இரும்பு முழுதுமாகச் சூடேறிவிட்டது.

நார் மெத்தையை வெயிலில் போட்டு இம்முறை அளந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்புறம் 68, நடுவில் 43, அடியில் 38. இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் போட்டும் நடுப்பகுதி 46 டிகிரியைத் தாண்டவில்லை. பூச்சி பெரும்பாலும் மெத்தையின் நடுவில் குடியிருப்பதில்லை, தையல் விளிம்பிலும் லேபிளின் அடியிலும்தான் இருக்கிறது. ஆகவே அந்த இடங்களை நீராவியால் இரண்டு சுற்று மெதுவாகச் சுட்டுவிட்டு, பல் நெருக்கமான ஜிப் வைத்த, பூச்சி புகாத உறைக்குள் மெத்தையை அடைத்துவிட்டோம். உள்ளே ஏதேனும் பிழைத்திருந்தாலும் அது வெளியே வர முடியாது. அந்த உறையை ஓராண்டுக்குக் கழற்றக் கூடாது.

இலவம்பஞ்சு மெத்தைதான் மிகவும் பிடிவாதம் பிடித்தது. நடுவில் விட்ட ஊசி 39 டிகிரிக்கு மேல் அசையவே இல்லை, இலவம்பஞ்சு அப்படியொரு வெப்பக்காப்பு. “பிரிச்சுப் பஞ்சைக் காயப் போடாம இது ஆகாது” என்று அத்தை முதல் நாளே சொல்லியிருந்தார். தெருவில் வில்லோடு வருகிற மெத்தை தைப்பவரை வரவழைத்து, மாடியிலேயே தையலைப் பிரித்து, பஞ்சை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, மெல்லிய வலைத்துணியால் மூடினோம். கத்திரி வெயிலில் மாடித்தரையே 57 டிகிரி காட்டியது. பஞ்சுக்குள் மூன்று மணி நேரம் 55 டிகிரிக்குக் குறையவில்லை. விஷயத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லித்தான் அழைத்தோம், மறைத்து வரவழைத்திருந்தால் பூச்சியை அவருடைய வண்டியில் ஏற்றி அடுத்த தெருவுக்கு அனுப்பியிருப்போம். புது உறை தைத்து, அடித்த பஞ்சை அடைத்துக் கொடுத்தார்.

துணிகளைப் பொறுத்தவரை சூடு என்பது எளிது. பிரிட்டனில் நெய்லர், போஸ் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 60 டிகிரி நீரில் துவைப்பதும், சூடான உலர்த்தியில் அரை மணி நேரம் ஓடவிடுவதும் எல்லாப் பருவங்களையும் கொன்றுவிடுகின்றன. குளிர்ந்த நீரில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்தாலும் முட்டை மட்டும் சாவதில்லை. எங்கள் மேல்திறப்பு வாஷிங் மெஷினுக்கு நீரைச் சூடாக்கும் வசதி இல்லை. ஆகவே பருத்தித் துணி எல்லாம் அண்டாவில் கொதிக்க வைக்கப்பட்டது. அப்போது அத்தை, தன் சிறு வயதில் வெளுக்கப் போன படுக்கைத் துணிகள் எல்லாம் வெள்ளாவிக்குப் போய் வரும், அதனால் கட்டிலில் பூச்சி இருந்தாலும் துணியில் இருக்காது என்று நினைவுகூர்ந்தார். உவர்மண்ணில் ஊறிய துணியைப் பானைகளின் மீது அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைக்கும் அந்த முறை, இன்று நாம் விலைகொடுத்து வாங்கும் வெப்பச் சிகிச்சைதான். அதைச் செய்தவர்கள் அதற்கு அப்படியொரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

பட்டுப்புடவைகளைத் தொடவில்லை. அவை பீரோவில், பூச்சியின் தடயம் எதுவும் இல்லாத இடத்தில் இருந்தன. புத்தகங்களைப் பையில் கட்டி ஃபிரீசரில் நான்கு நாள் வைத்தோம், மைனஸ் 18 டிகிரியில் அது போதும். பயணப்பெட்டிகள், கைப்பைகள், செருப்புகள் ஆகியவற்றைத் திறந்து பரப்பி, கண்ணாடிகளை ஏற்றிய எங்கள் பழைய காருக்குள் போட்டு, நிழலில்லாத மைதானத்தில் பதினொரு மணியிலிருந்து மூன்றரைவரை நிறுத்தினோம். இருக்கை மட்டத்தில் 61, பையின் மடிப்புக்குள் 56. நெருக்கமாக அடைத்திருந்தால் இந்த எண் வந்திருக்காது. சாவியை நான் என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், குழந்தைகள் விளையாடும் இடத்தில் பூட்டாத கார் கொதிகலனுக்குச் சமம்.

இழப்புகளும் உண்டு. ஒட்டுப்பலகைப் பெட்டிக் கட்டிலுக்கு நீராவி ஒத்துக்கொள்ளவில்லை. விளிம்புகள் உப்பி, மேல்தாள் உரிந்தது. அடிப்பலகையின் உட்புறம் முழுதும் முட்டை இருந்ததால் அதை எறிந்துவிடத் தீர்மானித்தோம். அப்படியே தெருமுனையில் வைத்தால் அரை மணி நேரத்தில் யாராவது வீட்டுக்கு எடுத்துப்போவார்கள் என்பதால், இரண்டாகப் பிளந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பூச்சி என்று பெரிதாக எழுதியே குப்பை வண்டியில் நேரே ஏற்றினோம். என் இடது மணிக்கட்டில் ஆவி பட்டுக் கொப்புளம் வந்தது. கையுறை வாங்காமல் விட்டது என் சோம்பல். சுவிட்ச் பெட்டிகளில் ஆவியைக் காட்டவே கூடாது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் மூடிகளைக் கழற்றிப் பார்த்ததில் ஒன்றில் மட்டும் கழிவுப் புள்ளிகள் இருந்தன. அதன் விளிம்பையும் சுவரில் இருந்த விரிசல்களையும் பட்டி பூசி அடைத்தோம்.

கிண்ணக் கணக்கு

இரண்டாவது முயற்சி முடிந்த முதல் வாரம் கிண்ணங்களில் எதுவும் இல்லை. இதை நாங்கள் நம்பவில்லை, ஏனென்றால் முன்பும் எட்டு நாள் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டாவது நாள் மகளின் அறையில் ஓர் இளம்பூச்சி கிடைத்தது. அது முதல் பருவத்தது அல்ல, வயிற்றில் பழைய இரத்தத்தின் கருமை தெரிந்த மூன்றாம் பருவத்தது. புதிதாகப் பொரிந்ததாக இல்லாமல், எங்கோ ஒளிந்திருந்து பசித்து வந்தது என்று அர்த்தம். தேடியதில் கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலான பிளவு அகப்பட்டது. அங்கே ஆவி காட்டி அடைத்தோம். அதற்குப் பிறகு ஒன்பது வாரம் நான்கு கட்டில்களின் பதினாறு கிண்ணங்களும் வெறுமையாக இருந்தன. பெட்டிக் கட்டிலுக்குப் பதில் வாங்கிய எளிய இரும்புக் கட்டிலோடு சேர்த்து, கூடத்துத் திவானையும் எண்ணியே பதினாறு என்கிறேன்.

எது பலித்தது என்று பிரித்துச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கொதிநீர், ஆவி, வெயில், உறை, பட்டி எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தன. ஒரு வீட்டில் நடந்ததை ஆய்வுக்கூடச் சோதனை போலக் கொள்ள முடியாது. முதல் முயற்சிக்குப் பின் முட்டைகள் பொரிந்தன, இரண்டாவதற்குப் பின் பொரியவில்லை என்பதை மட்டும் கிண்ணங்கள் உறுதியாகச் சொல்கின்றன. இரண்டுக்கும் இடையே நாங்கள் மாற்றியவற்றில் பெரியது, சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பொருளின் உள்ளே வைத்து அளந்ததும், உள்ளே போகாத இடத்தைப் பிரித்ததும்தான். செலவு, வெப்பமானிகள், ஆவி இயந்திரம், உறை, பஞ்சு அடித்த கூலி, புதுக் கட்டில் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அதில் பாதி புதுக் கட்டிலுக்கானது.

கீழ்த்தளத்து வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. சொன்னோம். அவர்கள் வீட்டிலும் மாசியிலிருந்தே இருந்திருக்கிறது, எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டுக் கொண்டிருந்திருக்கிறார்கள். மகள் தன் பழைய அறைத்தோழிகளுக்கும் படத்தோடு செய்தி அனுப்பினாள். ஆவி இயந்திரம் இப்போது கீழ்வீட்டில் இருக்கிறது. எங்கள் கட்டில் கால்களின் கிண்ணங்களில் அத்தை இன்றும் தண்ணீர் மாற்றுகிறார். கொசு முட்டையிடாதிருக்க இரண்டு நாளுக்கொரு முறை.